ஆச்சி வந்த நாட்கள்

(சங்கத்தின் மாசி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் கற்றறிந்த பெருமக்கள் பலர் ஏறி, சிலம்பைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் சுவைபடப் பேசிச் சென்றிருக்கின்றனர். அவ்வளவு உயர்ந்த பொருளைத் தொடும் கல்வி நமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, புகைவண்டி அலுவலகத்தில் பேரேடுகளைத் திறந்தவர் நாம். ஆகவே நாம் கண்கூடாக அறிந்த ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தோம். ஊரிலிருந்து தாத்தாவோ பாட்டியோ வந்து, பேரப்பிள்ளைகளோடு சில நாள் தங்கிச் செல்கின்றார்களே, அதுவே இன்றைய பொருள். இது மிகச் சிறிய பொருள் என்று தோன்றலாம். சென்ற மார்கழி வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனுடைய பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன், அவ்வாறே பெயர்த்தி. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. இனி, பாட்டியை அழைக்கும் சொற்களைப் பாருங்கள். இம்மண்டபத்தில் ஒருமுறை கேட்டாலே தமிழின் செல்வம் விளங்கும். தந்தையைப் பெற்றவளை நெல்லைச் சீமையார் ஆச்சி என்பர். மதுரைப் பக்கத்தார் அப்பத்தா என்பர். தஞ்சை, திருச்சிப் பக்கங்களில் அப்பாயி என்பர். தாயைப் பெற்றவள் அம்மாச்சி, அம்மாயி எனப் பல பெயர் பெறுவாள். கொங்கு நாட்டிலோ தாயைப் பெற்றவள் அம்மிச்சி ஆவாள். நாம் வாழும் இந்நாகபுரியில் மராட்டியர் தம் பாட்டியை ஆஜி என்கின்றனர். ஆச்சிக்கும் ஆஜிக்கும் இடையே எத்தனை காதம் உண்டு என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். நமது இல்லத்தில் அவ்விரண்டும் ஒரே திண்ணையில் சந்தித்த கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இராது. நம் மூத்த மகனுக்கு வயது ஒன்பது. அவன் இவ்வுலகிற்கு வந்து ஏறத்தாழ 3,300 நாட்கள் ஆகின்றன. நாம் விடுமுறையில் ஊருக்குச் சென்ற நாட்களையும், நம் தாயார் இங்கு வந்து தங்கிய நாட்களையும் ஒருநாள் இரவு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். 131 என்று வந்தது. நூற்றுக்கு நான்கு! எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கு நாட்களில் ஆச்சி என்பவர் அவனுக்குச் சுவரில் மாட்டிய படமாகவும், தொலைபேசியில் கேட்கும் இருமலாகவுமே இருந்திருக்கின்றார். தாயாருக்கு வயது எழுபத்துநான்கு. இனி வரப்போகும் நாட்களைக் கூட்டிப் பார்க்கும் துணிவு நமக்கு வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டோம்.

தூரம் ஒரு காரணமே. அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து திருநெல்வேலிச் சந்திப்பிற்கு வந்து வண்டி ஏறினால், நாகபுரி 1,700 கிலோமீட்டருக்கு மேல். நம் முன்னோர் 1929 முதல் ஓடும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியையே நம்பி வந்தனர். 1976இல் தமிழ்நாடு விரைவு வண்டி வந்தது. இவ்விரண்டிற்கும் தென்மாவட்டத்தார் சென்னைக்கு வந்து, ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கு மூட்டை முடிச்சுகளோடு மாற வேண்டும். இப்பொழுது கன்னியாகுமரியிலிருந்து தில்லி நிசாமுதீனுக்குச் செல்லும் வண்டி நெல்லை வழியாகவே வந்து நம் ஊரைத் தொடுகின்றது. அதற்குத் திருக்குறள் விரைவு வண்டி என்று பெயர். "வள்ளுவர் வண்டியிலே வந்தேன்" என்று தாயார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

செலவும் ஒரு காரணமே. ஆடவரில் 60 வயது நிறைந்தோர்க்கு நூற்றுக்கு நாற்பதும், பெண்டிரில் 58 நிறைந்தோர்க்கு நூற்றுக்கு ஐம்பதும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதன்பின் முதியோர் இருவர் வந்துபோவதென்பது குடும்பக் கணக்கில் தனியே எழுத வேண்டிய இனமாயிற்று. புகைவண்டி ஊழியர்க்கு, தம்மைச் சார்ந்து வாழும் விதவைத் தாயையும் பாஸில் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆகவே செலவைக் காரணமாகச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அவ்வாறாயின், நம் தாயார் மூன்றாண்டுகளாக ஏன் வரவில்லை? அங்கேதான் நமது குற்றம் இருக்கின்றது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லி வந்தவர், பதினைந்தாம் நாளே புறப்பட வேண்டும் என்றார். "வயலில் அறுப்பு இருக்கிறது" என்றார். நாமும் நம்பினோம். பின்னர் ஊருக்குச் சென்றபோது நம் தமக்கையார் உண்மையைச் சொன்னார். "அங்கே போய் நான் யாரிடம் பேச? பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து முழிக்கிறதுகள். நான் ஒன்று கேட்டால் அம்மாவிடம் ஓடுகிறதுகள். விருந்தாளி வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருக்க?" என்று தாயார் சொன்னாராம். தம் மகன் வீட்டை அவர் விருந்தாளி வீடு என்றார். அச்சொல்லைக் கேட்டபின் சில நாள் நமக்கு உணவு செல்லவில்லை.

பிள்ளைகள் ஏன் விழித்தனர்? மூத்தவனைப் பள்ளியில் சேர்த்தபோது, வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள் என்று ஆசிரியை ஒருவர் அறிவுரை கூறினார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார். நாமும் அலுவலகச் சுற்றறிக்கையைப் பின்பற்றுவது போல அதைப் பின்பற்றினோம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, அடுத்த வீட்டில் மராட்டி என்று ஆனபின், தமிழுக்கு எஞ்சிய இடம் சமையலறை ஒன்றே. அங்கும் நாமும் இல்லத்தரசியாரும் பேசிக்கொள்ள மட்டும் தமிழ். பிள்ளைகளுக்கு அது பெரியவர்களின் இரகசிய மொழி போல் ஆயிற்று. மகன் கேட்டால் பாதி விளங்கிக்கொள்வான், பேச நாணுவான். ஐந்து வயது மகளோ அதுவும் இல்லை.

இந்நிலையில்தான் சென்ற மார்கழியில், தமக்கையார் பலமுறை வற்புறுத்தியதன் பேரில், ஊரார் ஒருவர் துணையோடு தாயார் வந்து இறங்கினார். நாகபுரிக் குளிர் அவருக்குப் புதிது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சீலைகளைப் போர்த்துக்கொண்டு அவர் வண்டியிலிருந்து இறங்கிய தோற்றத்தைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். அவரும் சிரித்தார். மூட்டையை அவிழ்த்தால் பனங்கிழங்கு ஒரு கட்டு, சில்லுக்கருப்பட்டி ஓர் ஓலைப்பெட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு. இவற்றோடு ஒரு சிறு துணி முடிச்சில் புளியங்கொட்டை. "புளியங்கொட்டை எதற்கம்மா?" என்றோம். "கிடக்கட்டும்" என்றார்.

முதல் பத்து நாட்கள் பழைய கதையே தொடர்ந்தது. தாயார் பேசுவார், பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பர், நாம் இந்தியில் மொழிபெயர்ப்போம். ஒருநாள் காலை மகன் தோசையின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியை ஒதுக்கினான். தாயாரின் முகம் மலர்ந்தது. "என்னைப் பெத்த ஐயா! உங்க தாத்தாவும் இப்படித்தான். முறுகலாக இருக்கிற ஓரத்தைச் சுற்றித் தின்றுவிட்டு நடுவிலே நிலா மாதிரி மிச்சம் வைப்பார்கள். அந்த நிலாவைத் தின்றே எனக்கு நாற்பது வருசம் கழிந்தது" என்றார். மகன் நம்மைப் பார்த்து, ஆச்சி என்ன சொல்கிறார் என்று கேட்டான். அலுவலகத்திற்கு நேரமாயிற்று. "மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொல்கிறார்" என்றோம்.

நண்பர்களே! புகைவண்டித் துறையில் மூத்த ஊழியர்க்கு ஒன்று தெரியும். மீட்டர் பாதையும் அகலப் பாதையும் தனித்தனியே இருந்த காலத்தில், இரண்டும் சந்திக்கும் நிலையத்தில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்ற வேண்டும். அந்த இடத்தில் மூட்டை கிழியும், பானை உடையும், எடை குறையும். அத்தொல்லையை ஒழிக்கவே 1992இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கப்பட்டது. நம் வீட்டிலோ பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் நாமே அந்தச் சரக்கு மாற்றும் நிலையமாக நின்றோம். பாட்டனாரின் நினைவும், நாற்பதாண்டு இல்லறமும், ஒரு நிலாவும் அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டன. இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது "சாப்பிடு" என்னும் ஒரு சொல். பத்து நாட்களில் ஆச்சி சொன்னவை எல்லாம் மகன் காதில் சாப்பிடு, குளி, தூங்கு என்னும் மூன்று கட்டளைகளாகவே போய்ச் சேர்ந்தன. அத்தகைய பாட்டியிடம் எந்தப் பிள்ளை ஒட்டும்?

இதனினும் பெரிய குறை ஒன்று பின்னர்த் தெரிய வந்தது. ஒருநாள் இரவு மகன் நம் அருகில் படுத்துக்கொண்டு மெல்லக் கேட்டான். "ஆச்சிக்கு என் பெயர் தெரியாதா? தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னை மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போன தடவை வந்தபோதும் அப்படித்தான். என்னை அவருக்குப் பிடிக்காதா?" நமக்கு நெஞ்சில் அடித்தது போல் இருந்தது. அவனுக்கு இட்டிருப்பது நம் தந்தையாரின் பெயர். கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர் நம் தாயார். ஆகவேதான் "ஐயா" என்றும் "என்னைப் பெத்த ஐயா" என்றும் அழைத்தார். அவர் வாயில் அதைவிட உயர்ந்த சொல் வேறில்லை. பிள்ளையோ தன் பெயர் அவருக்குத் தெரியாது என்று மூன்றாண்டுகளாக எண்ணி வந்திருக்கின்றான்! அப்பொழுதே எழுந்து அமர்ந்து விளக்கியிருக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை அலுவல் நிமித்தம் ஒரு வாரம் புசாவலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. "அப்படியெல்லாம் இல்லை, தூங்கு" என்று சொல்லிவிட்டோம். அன்றும் "தூங்கு" என்பதே நம் மொழிபெயர்ப்பு.

நாம் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரமே எங்கள் இல்லத்திற்கு நன்மை செய்தது. இதை வெட்கத்தோடுதான் சொல்கின்றோம். இல்லத்தரசியார் பகலில் பணிக்குச் செல்பவர். பிள்ளைகள் பள்ளி முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்பினால் மாலை ஆறு மணி வரை ஆச்சியும் அவர்களுமே. மொழிபெயர்க்க ஆள் இல்லை. இனி நாம் சொல்வன இல்லத்தரசியாரும் பிள்ளைகளும் பின்னர்ச் சொன்னவை.

முதல் நாள் பனங்கிழங்கு. தாயார் மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து வைத்தார். பிள்ளைகள் இதைக் கண்டதில்லை. எங்கே கடிப்பது என்றும் தெரியாது. ஆச்சி தோலை உரித்து, நடுவே பிளந்து, நாரை இழுத்துக் காட்டினார். பனங்கொட்டையை மணலில் புதைத்தால் சில மாதங்களில் அது கீழ்நோக்கி முளை விட்டுக் கிழங்காகும் என்பதையும், அதைத் தோண்டாமல் விட்டால் பனையாகும் என்பதையும் கையாலேயே விளக்கினார். கையை நிலத்தில் ஊன்றினார். பின் தலைக்கு மேலே உயர்த்தினார். மகன் "மரமா?" என்றான். அதுவே அவன் ஆச்சியிடம் தானாகப் பேசிய முதல் தமிழ்ச் சொல் என்று கணக்கிட்டிருக்கின்றோம்.

இரண்டாம் நாள் புளியங்கொட்டை முடிச்சு அவிழ்ந்தது. பல்லாங்குழிப் பலகை இல்லை. ஆச்சி சுண்ணக்கட்டியால் தரையில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு வட்டங்கள் இட்டு, வட்டத்திற்கு ஐந்தாக 70 கொட்டைகளைப் பரப்பினார். ஆட்டத்திற்கு எண்ணிக்கை வேண்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குழியில் நான்கு சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணத் தெரியாதவன் தோற்பான். தோற்பதற்கு நம் மகன் ஒருப்படான். ஒரே நாளில் இருபது வரை எண்ணக் கற்றான். நாம் ஐந்தாண்டுகளில் கற்பிக்காததைப் புளியங்கொட்டை ஒரு பிற்பகலில் கற்பித்தது.

மகளுக்குக் கதை. கதை கேட்பவர் "உம்" கொட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். இச்சட்டத்தை ஆச்சி முதல் கதையிலேயே நடைமுறைப்படுத்தினார். சிறுமிக்குக் கதை விளங்கியதோ இல்லையோ, அது நிற்கக் கூடாது என்பதற்காக உம், உம் என்று கொட்டினாள். ஔவையாரும் மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகனும் நாவல் மரத்தடியில் சந்தித்த கதை அது. சுட்ட பழம் என்னும் இடம் வந்தது. உதிர்ந்த பழத்தில் ஒட்டிய மண்ணை ஔவை ஊதுவது போல ஆச்சி ஊதிக் காட்டினார். அண்ணன்காரன் தொலைவில் இருந்து கேட்டவன், "ஜாமுன்! ஜாமுன் பழம்!" என்று துள்ளி வந்து, சூடு இல்லாத பழத்தை ஏன் ஊதுகின்றார் என்பதைத் தங்கைக்கு இந்தியில் முழுதும் விளக்கினானாம். மொழிபெயர்ப்பாளர் வேலையில் நமக்கு மாற்றாள் கிடைத்துவிட்டான். அவன் நம்மைப் போல் எடை குறைக்கவில்லை.

நான்காம் நாள் ஆட்டத்தின் நடுவே மகன் கேட்டுவிட்டான். "ஆச்சி, என் பேர் என்ன?" தமிழிலேயே கேட்டான். ஆச்சி நகைத்து, "ஐயா" என்றார். "இல்லை, பேர்?" என்றான் மீண்டும். ஆச்சி அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் ததும்பி நின்றதாம் பிள்ளைக்கு. தாயார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வாயால் சொல்லக் கூடாது; எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கலைத்துவிட்டு, அப்புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். நான்கு எழுத்துகள். அடுக்கி முடித்து, எழுத்துகளைக் காட்டி, பின் அவன் மார்பைத் தொட்டுக் காட்டினார். பின்பு சுவரில் இருந்த தாத்தாவின் படத்தையும் காட்டினார்.

நம் மகனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. அவையோர்களே! தன் பெயரைத் தன் பாட்டி எழுதிக் காட்ட, அதைப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை நின்றான். அவன் நம் பிள்ளை. யாரும் அதைத் தொடக் கூடாது, பெருக்கக் கூடாது என்று மாலை வரையில் அவன் காவல் இருந்தான். இல்லத்தரசியார் பணியிலிருந்து திரும்பி வாயிலில் செருப்பைக் கழற்றுவதற்குள், கையைப் பிடித்து இழுத்து வந்து, "படி அம்மா, இது என் பெயரா?" என்றான். அவர் படித்தார். பெயர் சொல்லாத காரணத்தையும் எடுத்துச் சொன்னார். சிறிது நேரம் யோசித்த மகன் ஆச்சியிடம், "அப்போ தாத்தாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டான். "எங்கே கூப்பிட்டேன்? இருமினால் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றார் ஆச்சி. மூவரும் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டதாம்.

ஒரு வாரம் கழித்து நாம் திரும்பியபோது கூடத்தின் மூலையில் அக்கொட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. மகன் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு நமக்குப் படித்துக் காட்டினான். நாம் இட்ட பெயரை நமக்கே ஒருவர் கற்பிப்பது போல் இருந்தது.

பொங்கல் வந்தது. அன்று மராட்டியருக்கு மகர சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டையை ஒருவர்க்கொருவர் கொடுத்து, இதை உண்டு இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவது அவர்கள் வழக்கம். அடுத்த வீட்டுச் சிறுமி எள்ளுருண்டையோடு வந்து, தாயாரின் காலைத் தொட்டு வணங்கி "ஆஜி" என்றாள். தாயாரின் காதில் அது ஆச்சி என்றே விழுந்தது. "இந்தப் பிள்ளைக்குக்கூட நம்ம ஊர்ப் பேச்சுத் தெரியுதே" என்று அவளை இழுத்து அணைத்துச் சில்லுக்கருப்பட்டியை வாயில் இட்டார். அவள் என்ன சொன்னாள் என்று பேரனைக் கேட்டார். அவன், "எள்ளுருண்டை சாப்பிடுங்க, இனிப்பாப் பேசுங்கன்னு சொல்றா ஆச்சி" என்றான். ஒரு சொல்லும் குறையவில்லை. இனியவை கூறலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவர் பெயர் கொண்ட வண்டியில் வந்த கிழவிக்கு, அவ்வறத்தை மராட்டியரின் எள்ளுருண்டையோடு தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பேரன் கிடைத்தான்.

இப்பொழுது ஒரு கேள்வியை நம் அனைவர்முன்னும் வைக்க விரும்புகின்றோம். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர் இந்தியாவில் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர். தாய்மொழி என்பதற்கு அக்கணக்கெடுப்பார் ஒரு விளக்கம் வைத்திருக்கின்றனர். ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழியே அவருடைய தாய்மொழி என்பது அதன் கருத்து. தாய் பேசும் மொழி என்று சொல்லவில்லை. குழந்தையிடம் பேசிய மொழி என்றே சொல்கின்றனர். கணக்கெடுப்பவர் நம் வாயிலில் வந்து கேட்டால், பிள்ளைகள் பெயருக்கு நேரே தமிழ் என்று நாம் தயங்காமல் எழுதச் சொல்வோம். அந்த விளக்கத்தை நெஞ்சில் கை வைத்துப் படித்தால் நம் வீடுகளில் எத்தனை வீடுகள் தேறும்? எங்கள் வீடு சென்ற மார்கழி வரையில் தேறியிராது.

தாயார் இம்முறை 38 நாட்கள் தங்கினார். ஒருநாளும் அறுப்பு என்று சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழம் ஒரு கூடை வாங்கிக் கட்டிக் கொடுத்து நிலையத்தில் வழியனுப்பினோம். வண்டி நகரும் முன், "அடுத்த மார்கழிக்கும் வருவேன், சாக்கட்டியை எடுத்து வை" என்று பேரனிடம் சொன்னார். புளியங்கொட்டை முடிச்சை எடுத்துச் செல்லவில்லை.

அவர் சென்று ஐந்து வாரம் ஆகின்றது. எல்லாம் நிலைத்துவிட்டது என்று பொய் சொல்லோம். பிள்ளைகளின் தமிழ் நாள்தோறும் வற்றத்தான் பார்க்கின்றது. பள்ளியும் தெருவும் வலிமையுடையவை. ஆச்சி கொடுத்துச் சென்றதைக் காக்க வேண்டியவர் பெற்றோராகிய நாமே. ஆகவே சங்கத்தார்முன் சில விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது, முதியோர் வந்தால் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்காதீர்கள். இருவரையும் தனியே விடுங்கள். சில நாள் தடுமாறுவர். பின் அவர்களே வழி கண்டுகொள்வர்.

இரண்டாவது, அழைப்பதாயின் மார்கழி, தை மாதங்களில் அழையுங்கள். ஒரு மாதமாவது இருத்துங்கள். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் அழைத்து, 45 பாகைக்கு மேல் ஏறும் இவ்வூர் வெயிலில் அவர்களை வாட்டாதீர்கள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள். மூத்தோர்க்கும், 45 வயது கடந்த பெண்டிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. சீட்டு வாங்கும்போது அதைக் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவது, முதியோர்க்குப் பிள்ளைகள் மட்டும் போதா. ஒத்த வயதினரும் வேண்டும். யார் வீட்டுக்குப் பெரியவர் வந்தாலும் சங்கத்திற்குத் தெரிவியுங்கள். ஞாயிறு மாலையில் இம்மண்டபத்தில் அவர்களை அமர்த்தி, நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு கதை சொல்லச் செய்வோம். நெல்லை ஆச்சியின் கதையைத் தஞ்சைப் பேரன் கேட்கட்டும். மதுரை அப்பத்தாவிடம் கோவைப் பேத்தி உம் கொட்டட்டும். ஆச்சி இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒரு மடி கிடைக்கும்.

நான்காவது மிக எளியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்பியுங்கள். மற்றவை பின்னால் வரும்.

இறுதியாக ஒரு செய்தி சொல்லி அமர்கின்றோம். சென்ற வாரம் மகன் ஆச்சிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினான். முகவரி நம் கையெழுத்து. செய்தி என்று அதில் ஒன்றும் இல்லை. நடுவே பெரிதாக நான்கு எழுத்துகள் மட்டும் எழுதியிருந்தான். அட்டை கிடைத்ததும் தாயார் தொலைபேசியில் பேசினார். "யார் எழுதியிருக்கிறது என்று தபால்காரர் கேட்டார்" என்றார். "என்னம்மா சொன்னீர்கள்?" என்றோம். "நான் எப்படிச் சொல்வேன்? நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று அட்டையைத் திருப்பிக் காட்டினேன்" என்றார். பின்னர், "ஐயாவைக் கூப்பிடு" என்றார்.

மகன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் சென்றுவிட்டான். அரைமணி நேரம் என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.